மூன்று வயதுக்குள் எதில் பணம் போடுவது: டின்னிலா, கழிப்பறையிலா, ஆளிலா?

எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டு வெளியூர், வெளிநாடு என்று போன பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கியிருக்கிறார்கள். ஊரிலும் அதைச் சேர்ந்த 4 குக்கிராமங்களிலும் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 140 பேர். அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும், 3 வருடத்துக்கு மாதாமாதம் பணம் போடத் தயார், எதில் போடுவது என்பதுதான் கேள்வி. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடம் வந்தார்கள். "நர்ஸம்மா, நீங்க சொல்றதைச் செய்யறோம்" என்றான் ஒருவன். அவனுக்கு முத்தடுப்பு ஊசி போட்டதே நான்தான்.

சட்டென்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடக் கூடாது என்று 2 மாதம் அவகாசம் கேட்டேன். பேத்தி கட்டுரைகளை இறக்கிக் கொடுத்தாள், புரியாத இடங்களில் உட்கார்ந்து விளக்கினாள். இதே கேள்வியை ஜமைக்காவிலும் குவாத்தமாலாவிலும் பாகிஸ்தானிலும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு இதைக் கொடுத்து, இன்னொரு பிரிவுக்கு அதைக் கொடுத்து, அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போகும்வரை பின்தொடர்ந்த ஆய்வுகள்கூட உண்டு. 30 வருடம் எடை போட்டுப் பதிவேட்டில் எழுதியவளுக்கு அதையெல்லாம் படிக்கப் படிக்க ஏக்கமாக இருந்தது. இதில் பாதியாவது எங்களுக்கு அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

வாட்ஸ்அப் குழுவில் வந்த யோசனைகள் ஐந்து. சத்து பானம், பருப்பு, பேரீச்சை அடங்கிய மாதாந்தரத் தொகுப்பு ஒன்று. குடிநீர்ச் சுத்திகரிப்பும் கழிப்பறையும் இரண்டு. அரசு மருத்துவமனைக்கு ஒரு இன்குபேட்டர் மூன்று. ஹெல்சின்கியில் இருக்கும் பெண் சொன்ன பிரசவப் பெட்டி நான்கு. பயிற்சி கொடுத்த ஒரு பெண் வாராவாரம் தாயையும் குழந்தையையும் பார்ப்பது ஐந்து. கடைசி யோசனை என்னுடையது. அதற்கு முதல் நாள் விழுந்த ஓட்டு ஒன்றே ஒன்று, அதுவும் பேத்தியுடையது.

பெட்டியையும் இன்குபேட்டரையும் முதலில் முடித்துவிடுகிறேன்.

பின்லாந்தில் 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் அரசே துணிமணி, போர்வை, மெத்தை வைத்து ஓர் அட்டைப்பெட்டி கொடுத்துவருகிறது. பெட்டியில் குழந்தை தூங்கும் படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கர்ப்பத்தின் 4ஆம் மாதம் முடிவதற்குள் தாய் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும். அந்த நாட்டுக்கு நல்லது செய்ததில் பெட்டியைவிட இந்த நிபந்தனைக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம். நம் ஊரில் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்காத கர்ப்பிணி இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் வருகின்றன. பெட்டி கொடுத்து யாரையும் புதிதாக ஆஸ்பத்திரிக்கு வரவழைக்கப் போவதில்லை.

இன்குபேட்டர் யோசனை வந்தது நல்ல மனதிலிருந்து. குறைமாதத்தில் பிறந்த தங்கையைப் பறிகொடுத்தவன் சொன்னது அது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் இறுதியில் இன்குபேட்டர் பற்றாக்குறை. எட்கார் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் எடை குறைந்த சிசுக்களைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவைக்கச் சொன்னார். இல்லாத குறைக்கு வந்த வழி என்றுதான் பல வருடம் நினைத்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில் 3,211 சிசுக்களை வைத்துப் பார்த்து 2021-ல் முடிவை வெளியிட்டது. எல்லாரும் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்தவர்கள். முதலில் கருவியில் வைத்து நிலை சீரானபின் தாயிடம் கொடுத்த பிரிவில் 28 நாளுக்குள் 100-க்கு 15.7 பேர் இறந்தார்கள். பிறந்ததுமே தாயின் மார்பில் வைத்த பிரிவில் 12 பேர். அப்படியென்றால் சிசுப் பிரிவுக்குள் தேவைப்படுவது தாய் படுக்க ஒரு கட்டில். அதைப் போட வேண்டியது மருத்துவமனை நிர்வாகம், நம் குழுவால் ஆகிற காரியம் இல்லை. வீட்டுக்கு வந்தபிறகு அந்தக் குழந்தையை யார் பார்ப்பது என்பதுதான் நம் கேள்வி.

கழிப்பறை விஷயத்தில் நான் படித்தது எனக்கே அதிர்ச்சி. சுத்தமான தண்ணீர், கழிப்பறை, சோப்பு மூன்றும் வந்தால் வயிற்றுப்போக்கு நின்று, குழந்தை நெடுநெடுவென வளரும் என்றுதான் கூட்டம் போட்டுப் பேசிவந்தேன். வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளைச் சேர்த்து நடந்த சோதனையின் முடிவு 2018-ல் வந்தது. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது, கென்யாவில் குறையவில்லை. இரண்டு நாட்டிலும் தண்ணீர், கழிப்பறை, கைகழுவல் ஏற்பாடுகளால் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. இதற்காகக் கழிப்பறை வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். இருட்டில் காட்டுக்குப் போகும் பெண்ணுக்கு அது மானப் பிரச்சினை, உயிர்ப் பிரச்சினை. பஞ்சாயத்தை நெருக்கி வாங்க வேண்டியதுதான். ஆனால் குழந்தை வளர்ச்சிக்கென்று ஒதுக்கிய பணம் அங்கே போனால் 3 வருடம் கழித்துக் காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்காது.

மிச்சம் இரண்டு: சோறு, ஆள். இந்த இரண்டுக்கும் இடையில்தான் நிஜமான போட்டி.

சோற்றின் பக்கம்

சோற்றுக்கு ஆதரவாகப் பேச என்னிடம் நிறைய இருக்கிறது. குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை 4 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. இரண்டு கிராமங்களில் அடோலே என்ற புரதக் கஞ்சி, மற்ற இரண்டில் ஃப்ரெஸ்கோ என்ற புரதமில்லாத இனிப்புப் பானம். அந்தக் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போனபின் தேடிப் பிடித்துச் சம்பளத்தைக் கேட்டார்கள். 2 வயதுவரை அடோலே குடித்து வளர்ந்த ஆண்கள் மணிக்கு வாங்கிய கூலி 46% கூடுதல். பெண்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. 3 வயதுக்குமேல் குடித்தவர்களுக்கும் கூலியில் பலன் இல்லை. காலம் தவறிப் போட்ட உரம் மாதிரி.

இதில் நான் கவனித்த ஒரு சங்கதி உண்டு. அந்தக் கஞ்சியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவில்லை. ஊர் நடுவில் ஒரு கூடம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, அங்கேயே வந்து குடிக்க வேண்டும்.

நம் மாநிலத்திலும் இதைச் செய்திருக்கிறோம், இளையவர்களுக்குத் தெரியாது. 1980-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடைக்கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்ட குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு. லட்டு போல உருட்டிய சத்துருண்டை, மையத்திலேயே சாப்பிட வேண்டும். 90 நாள் கொடுத்து எடை தேறினால் நிறுத்திவிடுவார்கள். எல்லாருக்கும் எல்லாம் கொடுக்காமல், சறுக்குகிற குழந்தையைச் சறுக்கும் நேரத்தில் பிடித்தார்கள். அந்தக் காலத்துக்கு எவ்வளவு முன்யோசனை!

இப்போது வாட்ஸ்அப் குழு சொல்லும் தொகுப்புக்கு வருகிறேன். வேலையில் இருந்தபோது ஒரு வீட்டுக்குப் போனேன். 14 மாதப் பெண் குழந்தை, இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பா ஒரு பெரிய சத்து பான டின் வாங்கி அனுப்பியிருந்தார். அடுப்பு மேடைக்கு மேலே, மஞ்சள் டப்பாவுக்குப் பக்கத்தில் அது இருந்தது. திறந்து பார்த்தேன், முக்கால் டின் அப்படியே. "ஒரு மாசம் வரணும்ல நர்ஸம்மா" என்றாள் தாய். தினம் இரண்டு ஸ்பூன், தண்ணீராகக் கரைத்து. பள்ளிக்கூடம் போகும் பெரியவனுக்கும் அதிலிருந்தே. அந்த டின் விலைக்கு எத்தனை முட்டை, எவ்வளவு நிலக்கடலை வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். சரி சரி என்று தலையை ஆட்டினாள். அடுத்த மாதமும் டின் அங்கேயே இருந்தது. அவள்மேல் குற்றம் இல்லை. புருஷன் அன்போடு அனுப்பியது, விலை கூடிய பொருள், அதனால் அது மருந்து.

6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு வீட்டுக்கே போகிறது. அதையே சில வீடுகளில் எல்லாருமாகச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், சில வீடுகளில் மாட்டுக்கும் போகிறது. அதன்மேல் இன்னொரு பையை அடுக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜமைக்காவில் நடந்தது

1986, 87-ல் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் ஸாலி கிரந்தம்-மக்ரெகர் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 129 குழந்தைகளைச் சேர்த்தார்கள். வயது 9 முதல் 24 மாதம், எல்லாரும் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நான்கு பிரிவு. ஒரு பிரிவுக்கு வாரம் 1 கிலோ பால்மாவு. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்து தாயோடு சேர்ந்து குழந்தையை விளையாடவைப்பாள். ஒரு பிரிவுக்கு இரண்டும். கடைசிப் பிரிவுக்கு வழக்கமான மருத்துவ கவனிப்பு மட்டும். 2 வருடம் இப்படி. பால்மாவு பங்கு போய்விடக் கூடாதென்று குடும்பத்துக்குத் தனியாகச் சோளமாவும் பால்பவுடரும் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சங்கடம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

2 வருடம் முடிந்தபோது பாலும் பலன் தந்தது, விளையாட்டும் பலன் தந்தது. இரண்டும் சேர்ந்து கிடைத்த பிரிவு, நல்ல உயரத்தோடு வளர்ந்த குழந்தைகளைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் இரண்டையும் கொடுங்கள் என்று நானும் எழுதி முடித்திருப்பேன். ஆனால் அவர்கள் விடவில்லை. அந்தப் பிள்ளைகளை 7 வயதில் பார்த்தார்கள், 11-ல், 17-ல், 22-ல் பார்த்தார்கள். வளர வளரப் பால்மாவின் பலன் கரைந்து போனது. விளையாட்டின் பலன் நின்றது. 22 வயதில் அந்தப் பிரிவின் சம்பளம் 25% கூடுதல், வன்முறையில் இறங்குவது குறைவு. 30 வயதைத் தாண்டியபின் மறுபடி பார்த்தபோது மணிக்கூலி 43% கூடுதல். 129 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதனால் சதவீதத்தை அப்படியே தூக்கி வைத்துக் கொண்டாட மாட்டேன். ஆனாலும் வாரம் ஒரு மணி நேரம் வந்துபோன ஒருத்தியின் தடம் 30 வருடம் கழித்தும் தெரிகிறதே!

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் நான் மறுபடி மறுபடி படித்தேன். கடையில் வாங்கிய பொம்மை இல்லை. பிளாஸ்டிக் பாட்டில், மூடி, அட்டை, துணிக் கந்தல். வந்த பெண் அதிலேயே கிலுகிலுப்பை, வண்டி, பொம்மை செய்து எடுத்து வருவாள். முதலில் போன வாரம் என்ன விளையாடினீர்கள் என்று கேட்பாள். புதிதாக ஒன்றைச் செய்து காட்டிவிட்டுத் தாயிடம் கொடுத்துவிடுவாள். அதன்பிறகு தாய்தான் விளையாட வேண்டும். சரியாக வந்தால் தாயையும் பாராட்டுவாள், குழந்தையையும் பாராட்டுவாள். போகும்போது பொம்மையை விட்டுவிட்டுப் போய், அடுத்த வாரம் அதை வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுப்பாள். அவ்வளவுதான். வந்தவள் குழந்தைக்குப் பாடம் எடுக்கவில்லை. குழந்தையோடு பேசலாம், அதற்குப் புரியும் என்ற நம்பிக்கையைத் தாயிடம் விட்டுவிட்டுப் போனாள்.

நம்மிடம் தாலாட்டு உண்டு, 'சாய்ந்தாடம்மா' உண்டு, 'நண்டூருது நரியூருது' உண்டு. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, அண்ணனுக்கு ஒரு வாய், அக்காவுக்கு ஒரு வாய் என்று விரல் விரலாக ஊட்டி, கடைசியில் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுகிறோமே, அது ஜமைக்காக்காரி செய்ததற்கு எந்த விதத்தில் குறைச்சல்? சொல், எண், தொடுதல், எதிர்பார்ப்பு எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் விடிவதற்குமுன் ஸ்பின்னிங் மில் வேனில் ஏறிப் போகும் தாய்க்கு அதற்கு நேரம் எங்கே? பாட்டி கையில் போன் இருக்கிறது, குழந்தை கையிலும் போன் இருக்கிறது.

வீடா, கூட்டமா, இருக்கும் ஊழியரா?

ஆள் என்று முடிவானபின்னும் ஒரு தேர்வு பாக்கி. ஜமைக்கா முறை இன்று 'ரீச் அப்' என்ற பெயரில் பாடத்தொகுப்பாகப் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. போன இடமெல்லாம் அதே பலன் தரவில்லை. அதை மறைத்து உங்களிடம் காசு வாங்க எனக்கு மனம் வராது.

கொலம்பியாவில் 96 சிற்றூர்களில் 1,420 குழந்தைகள், 18 மாதம், வாரம் ஒரு வீட்டு வருகை. வந்தவர்கள் அந்தந்த ஊரில் அரசு உதவித்தொகை வாங்கும் தாய்மார்களின் தலைவிகள். பலன் கிடைத்தது. 100 குழந்தைகளை அறிவு வளர்ச்சியின்படி வரிசையில் நிறுத்தினால், நடுவில் 50ஆவதாக நிற்கும் குழந்தை 60ஆவது இடத்துக்கு முன்னேறிய அளவு. கூடவே கொடுத்த நுண்சத்துப் பொடியால் ஒரு பலனும் இல்லை. ஆனால் எல்லாம் முடிந்து 2 வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அந்த முன்னேற்றமும் மறைந்திருந்தது. பெருவின் 'கூனா மாஸ்' 2012-ல் தொடங்கிய தேசியத் திட்டம். பலன் உண்டு, ஜமைக்காவோடு ஒப்பிட்டால் சிறியது. 2016-ல் பிரேசில் தொடங்கிய 'கிரியான்சா ஃபெலிஸ்' மிகப் பெரிய வீட்டு வருகைத் திட்டம். குலுக்கல் முறையில் மதிப்பிட்டபோது குழந்தைகளின் வளர்ச்சியில் முன்னேற்றம் தெரியவில்லை. வேகமாகப் பரப்பினால் வருகை பதிவேட்டில் நடக்கும், வீட்டில் நடக்காது. நானும் பதிவேடு எழுதியவள்தான், அது எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

பக்கத்திலேயே நடந்த இரண்டு சோதனைகள்தான் எனக்கு வழி காட்டின.

ஒன்று ஒடிசா. 192 கிராமங்கள், 7 முதல் 16 மாதம் வரையிலான 1,449 குழந்தைகள். பிரதம் என்ற தொண்டு அமைப்பு நடத்தியது, முடிவு 2020-ல் வெளிவந்தது. சில கிராமங்களில் வீட்டுக்கு வீடு போனார்கள். சில கிராமங்களில் தாயும் குழந்தையுமாக ஓரிடத்தில் கூட்டி, அதே விளையாட்டு, அதே பொம்மை. 2 வருடத்துக்குப் பிறகு, வீட்டு வருகையில் 50ஆவது குழந்தை ஏறக்குறைய 62, 63ஆவது இடத்துக்கு வந்தது. கூட்டத்தில் 61ஆவது இடத்துக்கு. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். செலவில்தான் வித்தியாசம். குழந்தைக்கு வருடத்துக்கு வீட்டு வருகைக்கு 135 டாலர், கூட்டத்துக்கு 38 டாலர்.

இன்னொன்று பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் நௌஷெரோ ஃபெரோஸ் மாவட்டம். புதிதாக ஆள் எடுக்கவில்லை. ஏற்கெனவே ஊர் ஊராகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களையே பயன்படுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் தயாரித்த 'குழந்தை வளர்ச்சிக்கான கவனிப்பு' பாடத்தை அந்த ஊருக்கேற்பத் திருத்தி, மாதம் ஒரு கூட்டம், மாதம் ஒரு வீட்டு வருகை. 1,489 தாய்-சேய் ஜோடிகள், பிறந்ததிலிருந்து 2 வயதுவரை. 50ஆவது குழந்தை 72, 73ஆவது இடத்துக்குப் போனது. கூடுதல் ஊட்டச்சத்து மட்டும் பெற்ற பிரிவு அவ்வளவு தூரம் போகவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது அறிவு வளர்ச்சியில் பெரிதாக எதுவும் கூடவில்லை. சிந்து மாகாணத்து வறுமை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

அப்படியானால் நம் அங்கன்வாடிப் பணியாளரிடமே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 54,000-க்கு மேல் அங்கன்வாடி மையங்கள். 2024-ல் மத்திய அரசு 3 வயதுக்குட்பட்டவர்களுக்கென்றே 'நவசேதனா' என்ற விளையாட்டுப் பாடத்தையும் கொண்டுவந்திருக்கிறது. வழி சரியானது. ஆனால் காலையில் எங்கள் மையத்துக்குப் போய்ப் பாருங்கள். 2 வயதுக்கு மேற்பட்ட 20, 25 குழந்தைகள், சமையல், முட்டை, எடை, உயரம், போனில் படம் பிடித்து ஏற்றுவது, நடுவில் தேர்தல் வேலை. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அவர் எப்போது போவார்? அவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். அவர் மேற்பார்வையில், அவர் மையத்தின் பெயரில், நம் ஆள் செய்யட்டும்.

கணக்கு

வீட்டு வருகை என்றால் ஒரு பெண் ஒரு நாளைக்கு 4 வீடு, வாரம் 5 நாள், 20 குழந்தைகள். 140 குழந்தைக்கு 7 பேர் வேண்டும். கூட்டம் என்றால் 8 ஜோடி சேர்ந்து ஒரு குழு, மொத்தம் 18 குழு. பொம்மை செய்யும் நேரத்தையும் நடக்கும் தூரத்தையும் விட்டு, ஒருத்தி வாரம் 9 குழு நடத்தலாம். 2 பேர் போதும். 7-க்கு 2. ஒடிசாவின் 135-க்கு 38-ம் கிட்டத்தட்ட அதே விகிதம்தான். கணக்கு ஒத்துப்போனபோது எனக்கே ஒரு தைரியம் வந்தது.

ஆனாலும் முழுக்கக் கூட்டம் என்று நான் சொல்லவில்லை. கூட்டத்துக்கு யார் வர மாட்டார்கள் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவேன். செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள். பேரனை வைத்துக்கொண்டு மூட்டுவலியோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிகள். பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை, மற்றவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று கதவைச் சாத்திக்கொள்ளும் தாய். எந்த ஊரிலும் உதவி அதிகம் வேண்டியவர்கள் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள். ஆகவே எல்லாருக்கும் கூட்டம், வராத ஒரு 20 வீட்டுக்கு மட்டும் வீட்டு வருகை. அதற்கு மூன்றாவதாக ஒருத்தி.

இதற்குமேல் ஒரு மேற்பார்வையாளர் சம்பளம். குழுவில் பெரிய எதிர்ப்பு வந்தது இதற்குத்தான். "3 பேருக்கு மேல ஒருத்தர் எதுக்கு நர்ஸம்மா, வீண் செலவு" என்றார்கள். கொலம்பியாவையும் பிரேசிலையும் படித்துவிட்டு இதில் நான் விட்டுக்கொடுக்க முடியாது. மாதம் இரண்டு முறையாவது கூடவே உட்கார்ந்து பார்த்து, தாய் விளையாடினாளா இல்லை இவளே விளையாடிவிட்டு வந்தாளா என்று கவனித்து, தனியே அழைத்துச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். அது இல்லாவிட்டால் 6 மாதத்தில் பாட்டுக் கச்சேரியாகிவிடும். காசு பற்றாது என்றால் 2 குக்கிராமங்களை விட்டுவிடுவேன், மேற்பார்வையாளரை விட மாட்டேன்.

3 வருடமும் அதே குழந்தைகளோடு இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. 6 மாதத்தில் சேர்ந்த குழந்தை அங்கன்வாடியில் உட்காரும்வரை வரட்டும். ஒரு வருடம் செய்துவிட்டுப் புதிய ஊர், புதிய போட்டோ என்று தாவினால் கொலம்பியாவில் ஆனதுதான் ஆகும்.

சோற்றை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. கூட்டத்துக்கு வரும் குழந்தையை மாதம் ஒருமுறை எடை போடுவோம். கோடு படுத்துவிட்ட குழந்தைக்கு 90 நாள், அங்கேயே உட்கார்ந்து சாப்பிடும்படி ஒரு முட்டையும் கடலை உருண்டையும். அதற்கென்று பத்தில் ஒரு பங்கு பணம். டின் கிடையாது. இன்குபேட்டர் கேட்டவனிடம் சொல்லியிருக்கிறேன், எடை குறைவாகப் பிறந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு குழந்தையும் அந்த மூன்றாமவளின் முதல் வீடாக இருக்கும் என்று. போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிங்க நர்ஸம்மா" என்றான்.

பணம் வரும்முன்பே ஒரு குக்கிராமத்தில் 6 வாரம் நானே நடத்திப் பார்த்தேன். முதல் வாரம் காலை 11 மணிக்கு வைத்தேன், 7 பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் 3 பேர். மற்றவர்கள் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் 4 மணிக்கு, மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு மாற்றியபின் 8 பேர், தொடர்ந்து 8 பேர். கிலுகிலுப்பை செய்ய எண்ணெய் பாட்டிலில் கூழாங்கல் போட்டு, மூடியை இறுக்கி எடுத்துப் போனேன். பீடி சுற்றும் ஒரு தாய், மகனுக்கு 10 மாதம், வாய் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆட்டிக் காட்டச் சொன்னால் வெட்கம், சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு முந்தானைக்குள் வைத்து ஆட்டினாள். மூன்று வாரம் அப்படியே. நான்காம் வாரம் பாட்டிலைத் திருப்பித் தந்தபோது உள்ளே கூழாங்கல் இல்லை. பாதிக்குப் புளியங்கொட்டை, மேலே அறுந்துபோன பழைய பாசிமாலையின் சிவப்பு மணிகள். மூடியைச் சுற்றி அவள் பீடி கட்டும் நூலை இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

"கல்லு சத்தம் பெருசா கேக்குது, தம்பி திடுக்குன்னு அழுவுறான்" என்றாள். "இது மெதுவா பேசும்."